சீனியம்மாளுக்காகப் போட்ட ஏற்பாடு

எங்கள் எதிர்வீட்டு வீரணன் அண்ணாச்சி முப்பத்தொரு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கடைசிப் பதினைந்து வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டி, கான்சாபுரம் போகிற வண்டி. அந்தப் பக்கத்து ஆட்களிடம் பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள். "டிக்கெட் கிழிக்கும்போதே ஊர்க்கதை கேப்பாரே, அவர்" என்றால் உடனே தெரிந்துவிடும். இப்போது எழுபத்தொரு வயது. பிள்ளை இல்லை. மனைவி சீனியம்மாள் இறந்து மூன்றரை வருடம் ஆகிறது. எனக்கு அவர் மதினி முறை இல்லை, ஆனால் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டேன்.

அண்ணாச்சி சொல்லி நான் கேட்டதும், பார்த்ததும்தான் இது.

2009ஆம் வருடம் அவருடைய வண்டியில் ஒரு பெரியவர் அடிக்கடி ஏறுவார். பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. அக்கா மகன்கள் மூன்று பேர் மூன்று ஊரில் இருந்தார்கள். இவர் வீட்டில் பத்து நாள், அவர் வீட்டில் பத்து நாள் என்று ஒரு ஜவுளிக்கடைப் பையோடு போய்வந்துகொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் வண்டி கடைசி ஸ்டாப்பில் நின்று எல்லாரும் இறங்கிப் போன பிறகும் அவர் மட்டும் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, எறங்கலையா?" என்றார் அண்ணாச்சி.

"மூத்தவன் ரெண்டாமவன் வீட்டுக்குப் போன்னுட்டான். ரெண்டாமவன் வீடு பூட்டிக் கெடக்கு. தம்பி, நான் எங்க எறங்கணும்னு நீயே சொல்லேன்" என்றார் பெரியவர்.

அண்ணாச்சி அவருக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, அதே வண்டியில் திரும்பக் கூட்டிவந்து, மூத்தவன் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தார். அப்போது அண்ணாச்சியும் மதினியும் செட்டியார்பட்டியில், அவருடைய பூர்வீக வீட்டில் பாதியில் இருந்தார்கள். மறுபாதியில் அண்ணன் குடும்பம். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றாமலே நடந்ததைச் சொன்னார். மதினி அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியவரு சாப்பிட்டாராங்க?"

"பன்னு தின்னாரு."

மதினி அடுப்பை அணைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார்.

"நம்ம ரெண்டு பேருல யாருங்க மொதல்ல போவோம்?"

"ஏட்டி, வாயக் கழுவு."

"கழுவிட்டுத்தான் கேக்கேன். சொல்லுங்க."

கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அந்தப் பேச்சை அவர்கள் எடுத்ததே இல்லையாம். மதுரைக்கு வைத்தியத்துக்கு அலைந்ததையும், பிறகு ஒருநாள் போதும் என்று இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தியதையும்கூட வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. அன்றைக்குப் பேசினார்கள். மதினி கணக்கு எளிதாகப் போட்டுவிட்டார். அண்ணாச்சி ஏழு வயது மூத்தவர். அவர் வீட்டு ஆண்கள் யாரும் அறுபத்தைந்தைத் தாண்டியதில்லை. மதினியின் அம்மாவும் பெரியம்மாவும் எண்பதைத் தாண்டியும் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள்.

"அப்ப நீங்க போயிருவீக. நான் இருபது வருசம் தனியாக் கெடக்கணும். அதுக்கு என்ன செய்யணுமோ நீங்க இருக்கும்போதே செஞ்சுட்டுப் போங்க" என்றார் மதினி.

அண்ணாச்சி இதைச் சொல்லும்போது எப்போதும் சிரிப்பார். "ஊருக்கு அனுப்பி வைக்கிறாப்புல சொன்னா, பாத்துக்கோங்க."

அதிலிருந்து மூன்று வருடம் அவர்களுக்கு அதுதான் வேலை. செட்டியார்பட்டிப் பங்கை அண்ணன் மகன் பிரேம்குமாருக்கே கொடுத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன மனை வாங்கினார்கள். சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊருக்கு ஏன் போக வேண்டும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.  அந்த மனைக்கு இரண்டு வீடு தள்ளி ஜெயபாய் இருந்தார். பின்தெருவில் நூர்னிசா இருந்தார். அதுதான் காரணம்.

மூன்று பேரும் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பதினேழு வருடம் ஒரே ஷிப்ட், ஒரே வரிசையில் மிஷின். 99இல் மில் மூடியதும் ஜெயபாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தார். படுத்துக் கிடந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் அவருக்குக் கல்யாணம் தள்ளிப்போய், பிறகு நடக்கவே இல்லை. நூர்னிசாவுக்குக் கணவர் நைனா முகமது தவறிவிட்டார். ஒரே மகன் ஹாரிஸ் சென்னையில், ஒற்றை அறை வீட்டில், பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். மாசம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவான். அம்மா அங்கே போய் நான்கு நாள் தங்கினால் ஐந்தாம் நாள் படுக்க இடமில்லை.

வீடு கட்டும்போது நான் பார்த்திருக்கிறேன். கொத்தனார் மாரிச்சாமி சமையல் மேடைக்கு வழக்கமான உயரத்தில் கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தபோது மதினி வந்து பக்கத்தில் நின்றார். நாலரை அடிதான் இருப்பார்.

"இன்னும் கீழ போடுங்க, மாரிச்சாமி."

"இதவிடக் கீழ போட்டா அண்ணாச்சி முதுகு ஒடிஞ்சிரும், மதினி."

"அவுக எங்க சமைக்கப் போறாக? எனக்கு அறுவது வயசானா இன்னும் ரெண்டு விரக்கட கொறஞ்சிருவேன். கீழ போடுங்க."

போட்டார். குளியலறையில் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பியும் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கப்பட்டது. அலமாரித் தட்டு, சுவிட்சு போர்டு, துணி காயப்போடும் கம்பி எல்லாம் அப்படித்தான். குனிந்து குனிந்து நடக்க வேண்டிய வீடாக இருந்தது அது. அண்ணாச்சி ஆறடி.

ஐம்பத்தோராவது வயதில் மதினி மொபெட் பழகினார். பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஓட்ட, அண்ணாச்சி பின்னாலேயே ஓடினார். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் போனவருக்கு சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது. ஆனாலும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். "லெப்ட்ல வண்டி வருது, ரைட்ல எடு, ஹோல்டான், ஹோல்டான்!" மதினி நிறுத்தத் தெரியாமல் வேலிக்கருவைக்குள் போய்விட்டு, முள்ளோடு எழுந்து வந்து, "கண்டக்டரு சொல்லி வண்டி ஓட்டுனா இப்பிடித்தான் ஆகும்" என்றார். மைதானத்தில் நடந்துகொண்டிருந்த நாங்கள் எல்லாரும் நின்று சிரித்தோம்.

ஏ.டி.எம். கார்டு பழகினார். எந்த டாக்டர், எந்த ஆட்டோ, பென்ஷனுக்கு எந்த ஆபீஸில் எந்தக் காகிதம் என்று எல்லாம் தெரிந்துகொண்டார். வீட்டுச் சாவி ஒன்று ஜெயபாயிடம் போனது. அண்ணாச்சி காலத்துக்குப் பிறகு தினமும் காலை ஆறரைக்குள் மதினி வாசலில் கோலம் போட வேண்டும்; கோலம் இல்லையென்றால் ஜெயபாய் சாவியோடு வந்து பார்க்க வேண்டும். தனக்குக் கடைசிச் சேலையை ஜெயபாயும் நூர்னிசாவும்தான் கட்டிவிட வேண்டும், சொந்தக்காரிகள் கட்டினால் கொசுவம் சரியாக வராது என்றும் சொல்லி வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அண்ணாச்சி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். தன் சாவுக்குப் பிறகு நடக்கப்போவதை, அடுத்த ஊர் பஸ் நேரம் மாதிரி, அவ்வளவு சாதாரணமாக.

பத்து வருடம் நன்றாக இருந்தார்கள். மார்கழியில் மதினி போடும் கோலத்துக்கு அண்ணாச்சி டார்ச் பிடிப்பார். ஆடிப்பூரத்துக்குத் தேர் வரும்போது ஜெயபாயும் நூர்னிசாவும் எங்கள் தெரு முனைக்கு வந்துவிடுவார்கள். தேருக்காக மட்டுமில்லை, மில்லில் வேலை பார்த்த பழைய ஆட்கள் யாராவது கூட்டத்தில் கண்ணில் படுவார்கள் என்பதற்காக. யாரையாவது பார்த்துவிட்டால் அவரும் மதினியும் சேர நால்வரும் மதினி வீட்டுக்குள் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள், தேர் எங்களைத் தாண்டிப் போனதே அவர்களுக்குத் தெரியாது.

2022 ஜனவரியில் ஒருநாள் காலை மதினி கோலம் போட்டு முடித்துவிட்டு உள்ளே போய், தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். அறுபது வயது.

சேலையை ஜெயபாயும் நூர்னிசாவும்தான் கட்டிவிட்டார்கள். ஏற்பாட்டில் அந்த ஒன்று மட்டும் சொன்னபடி நடந்தது.

பதினாறு நாள் கழிந்ததும் பிரேம்குமார் வந்தான். நல்ல பையன். "சித்தப்பா, இங்க தனியாக் கெடந்து என்ன செய்யப் போறீக? மாடியில ரூம் சும்மாத்தான் கெடக்கு, வாங்க" என்றான். அண்ணாச்சி போனார். நாற்பது நாள் இருந்தார். குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். வேளைக்குச் சாப்பாடு மாடிக்கே வந்தது. பிரேம்குமார் மனைவி விஜி ஒரு முகச்சுளிப்பு காட்டியதில்லை. ஆனால் அவர் இறங்கி வந்தால் டி.வி. சத்தம் குறையும். பேசிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து உட்கார இடம் கொடுப்பார்கள். தன் பூர்வீக வீட்டில் விருந்தாளியாக எத்தனை நாள் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. நாற்பத்தோராம் நாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

வந்த வீட்டில் இருப்பதும் எளிதாக இல்லை. எல்லாமே மதினி அளவுக்கு இருந்தன. டீ போட மேடை முன்னால் நின்றால் பத்து நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். துணி காயப்போடும் கம்பி நெற்றியில் இடிக்கும். கார்டு ரகசிய எண் மதினிக்குத்தான் தெரியும். மொபெட் மூலையில் நின்றது. டாக்டருடைய மனைவியை மதினிக்குப் பழக்கம், இவருக்கு டாக்டரையே தெரியாது. கோலம் போட இவருக்கு வராது. ஆகவே காலையில் யாரும் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

ஜெயபாயும் நூர்னிசாவும் ஒதுங்கித்தான் இருந்தார்கள். சீனி இல்லாத வீட்டுக்குள் எப்படிப் போவது? கல்யாணமாகாத ஜெயபாய் அங்கே அடிக்கடி போனால் தெரு நாக்கு சும்மா இருக்காது. அண்ணாச்சி செட்டியார்பட்டிக்கே திரும்பிவிடுவார் என்றும் நினைத்திருந்தார்கள். எப்போதாவது நூர்னிசா ஒரு டிபன் பாக்ஸில் குழம்பு கொடுத்தனுப்புவார். கழுவிய டிபன் பாக்ஸ் திரும்பிப் போகும். அவ்வளவுதான்.

அண்ணாச்சி ஓட்டலில் சாப்பிட்டார். பொழுது போகவில்லையென்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பழைய வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவார். கூமாப்பட்டி வரை போவார், அதே வண்டியில் திரும்புவார். சன்னல் ஓரம் உட்கார்ந்தால் மலை கூடவே வரும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவருக்குத் தெரிந்த யாராவது ஒரு காலத்தில் ஏறியிருக்கிறார்கள், இறங்கியிருக்கிறார்கள். அதை நினைத்துக்கொண்டே போய்வந்தால் மூன்று மணி நேரம் ஓடிவிடும். எல்லா டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அவரைத் தெரியும், வணக்கம் சொல்வார்கள். ஆனால் ஒருநாள் ஒரு புது கண்டக்டர், சின்ன வயசு, கடைசி ஸ்டாப்பில் வந்து தோளைத் தொட்டு எழுப்பினான். அண்ணாச்சி தூங்கிப்போயிருந்தார்.

"ஐயா, நீங்க எங்க எறங்கணும்?"

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். அந்த ஜவுளிக்கடைப் பை பெரியவர் முகம் கண்முன்னால் வந்து நின்றது. பையன் கேட்டது சாதாரணக் கேள்விதான். தானே ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி. "திரும்பப் போறேன் தம்பி, டிக்கெட் குடு" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பின்தெருவுக்குப் போய் நூர்னிசா வீட்டுக் கதவைத் தட்டினார். ஜெயபாயும் அங்கேதான் இருந்தார், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு. நூர்னிசா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு அண்ணாச்சி சொன்னார்:

"சீனி எல்லாத்தையும் செஞ்சு வச்சுட்டுத்தான் போயிருக்கா. ஒண்ணுகூட எனக்கு ஆக மாட்டேங்கு."

"எப்பிடிண்ணே ஆகும்? அவ அவளுக்குல்ல செஞ்சா" என்றார் நூர்னிசா. "உங்களுக்குன்னு ஒண்ணு செய்யணும்."

"எனக்கு யாரு இருக்கா செய்யதுக்கு?"

ஜெயபாய் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தப் பேச்சத்தான் சீனி வேண்டாம்னு பதிமூணு வருசத்துக்கு முந்தியே எந்திச்சு வேல பாத்தா. அவ என்ன, யாரு இருக்கான்னு உக்காந்திருந்தாளா? எங்கள வந்து கேட்டா. ஏட்டி, எனக்குச் சாவி வச்சுக்கிடுவியான்னு கேட்டா. நீங்க கேட்டீகளா?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஜெயபாய், எனக்குச் சாவி வச்சுக்கிடுவியாம்மா?"

"சாவி அப்பமே பிடிச்சு எங்கிட்டத்தான் இருக்கு" என்று சொல்லி ஜெயபாய் அழுதுவிட்டார். மதினி இறந்த அன்று அவ்வளவு வேலையும் செய்தவர், அன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழுதார் என்று நூர்னிசா என்னிடம் சொன்னார்.

மறுநாளிலிருந்து மறுபடி ஒரு ஏற்பாடு தொடங்கியது. முதல் வேலை மேடை. மாரிச்சாமி சுத்தியலோடு வந்துவிட்டார், ஆனால் அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் ஒரு மேசை போட்டு அடுப்பை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். நூர்னிசாதான் வாசலில் நின்று சொன்னார்:

"ஒடைங்கண்ணே. சீனி இருந்தா இந்நேரம் அவளே கொத்தனாரக் கூட்டியாந்து, அவுகளுக்கு இடுப்பு வலிக்கு, ஒசத்திப் போடுங்கன்னு நிப்பா."

உடைக்கும்வரை அண்ணாச்சி எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தேன், ஆறிப்போனது. மொபெட்டை மாரிச்சாமிக்கே கொடுத்துவிட்டார். தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் இப்போதும் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்.

கோலத்துக்குப் பதில் பால். மூன்று வீட்டு வாசலிலும் காலையில் பால் பை தொங்கும். ஏழு மணிக்குள் பாக்கெட்டை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் மற்றவர் போய்ப் பார்க்க வேண்டும். சமையல் நூர்னிசா சொல்லிக் கொடுத்தார், போனிலேயே. "வெங்காயம் செவந்துருச்சாண்ணே?" "எம்புட்டு செவக்கணும்?" "உங்க பழைய பஸ் கலருக்கு வரணும்." தெருப் பேச்சு வந்தது. வராமல் இருக்குமா? அதற்கும் ஜெயபாய் வழி பார்த்தார். மூவரும் கூடிப் பேசுவது நூர்னிசா வீட்டில், பகல் நாலு மணிக்கு, வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், வருகிறவர்கள் உள்ளே வந்து டீ குடிக்கட்டும். நானும் போயிருக்கிறேன். பாதிப் பேச்சு டாக்டர், பென்ஷன், மருந்து. மீதிப் பாதி மில். பஞ்சு பறந்து மூக்கெல்லாம் வெள்ளையாக இருப்பது, ஷிப்ட் முடியும் சங்கு, கேண்டீன் தக்காளி சாதம், அய்யனார் கோவில் அருவிக்கு லாரியில் போய் மழையில் மாட்டிக்கொண்டது. பேசப் பேச மூவரும் வயதில் இறங்கிக்கொண்டே போவார்கள்.

2024 ஜூன் மாதம் ஒருநாள் காலை ஏழேகால் மணிக்கு ஜெயபாய் வீட்டுப் பால் பை அப்படியே தொங்கியது. அண்ணாச்சிதான் பார்த்தார். கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து முனகல் கேட்டது. ஜெயபாய் வீட்டுச் சாவி நூர்னிசாவிடம் இருந்ததால், எழுபது வயதில் பின்தெருவுக்கு ஓடினார். திறந்து போய்ப் பார்த்தால், மாடிப்படி அடியில் ஜெயபாய் கிடந்தார். விடியற்காலையில் துணி எடுக்கப் போய்ச் சறுக்கியிருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன் என்று முடிவானது. கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். கவுண்டரில் இருந்த பெண், மாரிச்செல்வி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது, பாரத்தை நீட்டினாள்.

"கூட வந்திருக்கது நீங்கதானய்யா? பேஷண்டுக்கு என்ன உறவு?"

அண்ணாச்சி பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவியின் தோழி. ஒரே தெரு. எதை எழுதுவது?

"உறவுன்னா... எங்க வீட்டுக்காரியும் இவுகளும் மில்லுல ஒண்ணா வேல பாத்தாக."

"அப்பிடி எழுத இடம் இல்லையேய்யா. கூடப் பெறந்தவங்க, பிள்ளைங்க யாரும் இல்லையா?"

பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த ஜெயபாய் தலையைத் திருப்பினார்.

"அண்ணன்னு எழுதும்மா. நாப்பது வருசமா நான் அண்ணேன்னுதான் கூப்பிடுதேன். இனிமே என்னத்த மாத்திச் சொல்ல?"

மாரிச்செல்வி இரண்டு பெயரையும் ஒருமுறை பார்த்தாள். வீரணன், ஜெயபாய்; ஒரே வீட்டுப் பெயர்களாக அவளுக்குத் தோன்றவில்லை. டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். "பேஷண்டே தெளிவா இருக்காங்க, அவங்களும் கையெழுத்துப் போடட்டும், உதவிக்கு இருக்கவர்னு நீங்களும் போடுங்கன்னு சொல்லிட்டார்" என்றாள். உறவு என்ற இடத்தில் அண்ணாச்சி 'அண்ணன்' என்றே எழுதினார். கண்டக்டர் எழுத்து, எறும்பு மாதிரி சின்னதாக இருக்கும்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில். பெண்கள் வார்டில் இரவு ஆண்கள் தங்க முடியாது, அதனால் ராத்திரி நூர்னிசா, பகலில் அண்ணாச்சி. காலையில் சமைத்து எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போவார். ஜெயபாய் முதல் வாய் ரசம் குடித்துவிட்டுச் சொன்ன சொல், "உப்பு கூட." அண்ணாச்சிக்கு அது ரொம்பப் பெருமை. தன் சமையலைக் குறை சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டதே என்று தெரு முழுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு வாக்கர் பிடித்து நடக்கப் பழக வேண்டும். ஜெயபாய் பயந்தார். அண்ணாச்சி எதிரே நின்று, பழைய குரலை எடுத்தார். "போலாம்... ரைட்! அப்பிடித்தான். வளைவு வருது, மெதுவா. ஹோல்டான். ஆளு எறங்கணும்." ஜெயபாய்க்குச் சிரிப்பில் கால் நடுங்கியது. ஒன்றரை மாதத்தில் கைத்தடியோடு தெரு முனை வரை வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மூவரும் வக்கீல் ஒருவரிடம் போய், ஒவ்வொருவருக்கும் முடியாமல் போனால் வைத்தியத்துக்கு யார் முடிவெடுப்பது என்று எழுதி வைத்தார்கள். ஹாரிஸ் சென்னையிலிருந்து வந்து, கூட உட்கார்ந்து படித்துப் பார்த்தான். "இவுக ரெண்டு பேரும் பக்கத்துல இருக்காக, நான் தூரத்துல இருக்கேன். மொதல்ல இவுக பேரு இருக்கட்டும்மா" என்றான். அடக்கத்துக்கு நூர்னிசாவுக்கு ஜமாஅத் இருக்கிறது, ஜெயபாய்க்கு அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. அண்ணாச்சி செட்டியார்பட்டிக்குப் போய்ப் பிரேம்குமாரிடம் நேராகவே பேசினார்.

"கொள்ளி நீதான் வைக்கணும் பிரேமு. அதுவரைக்கும் கஞ்சி இவுக ஊத்துவாக. ஒனக்கு வருத்தமில்லையே?"

"நான் ஊத்த மாட்டேன்னு சொல்லலையே சித்தப்பா."

"தெரியும்யா. நீ ஊத்துனா நான் மாடியில இருந்து குடிக்கணும். இங்கன்னா வாசல்ல உக்காந்து குடிப்பேன்."

பிரேம்குமார் சிரித்துவிட்டான். இப்போது மாதம் ஒருமுறை விஜியோடு வந்து, நூர்னிசா வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகிறான்.

ஏற்பாடு எல்லாவற்றையும் சரி பண்ணிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் அண்ணாச்சி வாசலில் வந்து நின்று கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருப்பார். "ஏங்க"ன்னு ஒரு சத்தம் கேட்கணும், அதுக்கு யாருகிட்டப் போய் எழுதி வாங்க முடியும் என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். 

போன கார்த்திகை மாதம் நல்ல மழை. பிளவக்கல் அணை நிரம்பிவிட்டது என்று மூவரும் கிளம்பினார்கள், என்னையும் கூட்டிக்கொண்டு. அண்ணாச்சியின் பழைய வண்டிதான். ஜெயபாய் கைத்தடியோடு முன்சீட்டில், பக்கத்தில் நூர்னிசா, பின்சீட்டில் நாங்கள் இருவர். வத்திராயிருப்பு தாண்டியதும் வயல் முழுக்கத் தண்ணீர், மலையில் மேகம். நூர்னிசா திடீரென்று திரும்பினார்.

"அண்ணே, நீங்க முன்ன ராஜபாளையம் டவுன் பஸ்ஸுல இருந்தீகளே, சீனி தெனமும் உங்க வண்டியிலதான வீட்டுக்கு வருவா?"

"ஆமா. ஷிப்ட் முடிஞ்சு வரும்போது தற்செயலா நம்ம வண்டிதான் அமையும். நானும் அவளுக்கு டிக்கெட் கிழிக்காம ஒருநாளும் விட்டதில்ல. அதுக்காக ஒருதடவ ரெண்டு நாள் பேசாம இருந்தா."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"தற்செயலாவா?" என்றார் ஜெயபாய். "ஷிப்ட் விட்டதும் மில் வாசல்ல ஒரு வண்டி நிக்கும். நாங்க எல்லாம் ஓடிப்போய் ஏறுவோம். இவ மட்டும் காலு வலிக்கு, கூட்டமா இருக்கு, சேல கசங்குதுன்னு சாக்கு சொல்லி நின்னுருவா. அடுத்து ஒரு வண்டி போகும், அதையும் விட்டுருவா. முக்கா மணி நேரம் வெயில்ல நிப்பா. கேட்டா எங்கள அடிக்க வருவா."

"தெனமுமா?"

"தெனமுந்தேன். நீங்க வேற ரூட்டுக்கு மாறிப் போறவரைக்கும், பதினஞ்சு வருசம். உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா."

 அண்ணாச்சி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாரல் முகத்தில் அடித்தது, அவர் சன்னல் கண்ணாடியை இறக்கி மூடவில்லை. கூமாப்பட்டி வருகிறது என்று கண்டக்டர் குரல் கொடுத்தான். கொஞ்ச தூரம் போன பிறகு முன்சீட்டுப் பக்கம் குனிந்து கேட்டார்.

"வேற என்னெல்லாம் சொல்லாம வச்சிருக்கீக?"

"நெறைய இருக்குண்ணே" என்றார் நூர்னிசா. "மொதல்ல எறங்குவோம்."